ரைன் வழியே கடைமடை வரை

முதல் நாள், ஜெனீவா

ஜெனீவாவுக்கு வருகிறவர்கள் முதலில் ஏரியில் பீய்ச்சியடிக்கும் நீரூற்றைப் பார்க்கப் போவார்கள். பல நாடுகள் ஒரே தண்ணீரை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று பார்க்கக் கிளம்பிய நான், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தேன். ரோன் நதியும் ஆர்வ் நதியும் கூடும் முனைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே உயரமான ரயில் பாலம் ஒன்றின் ஓரமாக நடைபாதை இருக்கிறது. நடுவில் நின்று நதி வரும் திசையைப் பார்த்தால் இடப்பக்கம் ரோன், கண்ணாடிப் பச்சை. ஏரியிலேயே வண்டலை இறக்கிவைத்துவிட்டு வருகிற நதி அது. வலப்பக்கம் ஆர்வ். மோன் பிளாங் மலையின் பனியாறுகள் அரைத்த பாறைமாவைச் சுமந்துகொண்டு, பாலில் சாம்பலைக் கரைத்தது போல வருகிறது. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல், நடுவே கோடு கிழித்தாற்போல ஓடுகின்றன. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் பச்சைப் பக்கத்தைத்தான் படம் எடுத்தார்கள். எனக்குக் கலங்கல் பக்கத்தோடுதான் வேலை.

இந்த ஊருக்கு அடியில் சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நிலத்தடி நீர்ப்படுகை கிடக்கிறது. மேலே சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் என்று எல்லைக் கோடு போகிறது. கீழே சரளைக்கும் மணலுக்கும் அந்தக் கோடு தெரியாது. இரண்டு பக்கமும் கிணறு போட்டு இறைத்தார்கள். 1960களிலும் 70களிலும் அளவு மீறிப் போனது. இருபது ஆண்டுகளில் நீர்மட்டம் 7 மீட்டர் போல இறங்கி, படுகையில் இருந்த நீரில் மூன்றில் ஒரு பங்கு காலி. யார் அதிகம் எடுத்தது என்று சண்டை போட எல்லாக் காரணமும் இருந்தது. அதற்குப் பதில் கணக்கு போட்டார்கள்.

மதியம் வெஸ்ஸி பக்கம் போனேன். பொறியாளர் ராபர்ட் மையார் 1936இல் கட்டிய கான்கிரீட் பாலம் அங்கே இருக்கிறது, தூண்கள் ஒவ்வொன்றும் பெருக்கல் குறி போல. பாலத்தை ரசித்துவிட்டு ஆற்றோரமாக நடந்தேன். இந்த வெஸ்ஸியில்தான் ஆர்வ் நீரை எடுத்து, வடிகட்டி, நிலத்துக்குள் பதித்த துளைக் குழாய்கள் வழியாகப் படுகைக்குள் இறக்கும் நிலையம் 1980 முதல் வேலை செய்கிறது. ஆறு ரொம்பக் கலங்கி வந்தால் உறிஞ்சுவதை நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் வடிகட்டியெல்லாம் சேறாகிவிடும். ஊரின் குடிநீர்ச் சேமிப்பை நிரப்பும் இடம் என்று சொன்னால்தான் தெரியும். பார்க்க அவ்வளவு சாதாரணம்.

எனக்குப் பிடித்தது 1978இல் போட்ட ஒப்பந்தம்தான். நிலையத்தைக் கட்டி நடத்துவது ஜெனீவா. பிரெஞ்சுப் பக்கம் ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டர் வரை எடுக்கலாம், அதில் முதல் 20 லட்சம் இலவசம். அதற்கு மேல் எடுத்தால் நிலத்தை நிரப்பும் செலவில் பங்கு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் மீட்டர் கட்டாயம். இரு பக்கமும் மும்மூன்று பேர் கொண்ட ஆணையம் கணக்கைப் பார்க்கும். முப்பது ஆண்டு முடிந்ததும் 2007இல் மறுபடி கையெழுத்துப் போட்டு, 2008 முதல் அது நடக்கிறது. கையெழுத்திட்டது தலைநகரங்களான பெர்னும் பாரிசும் அல்ல. 1978இல் ஜெனீவா மாநிலமும் எல்லைக்கு அந்தப் பக்கத்து மாவட்ட நிர்வாகமும், 2007இல் அதே மாநிலமும் பக்கத்து பிரெஞ்சு ஊராட்சிகளும். தண்ணீர் குடிக்கிறவர்களே உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள், ஜெனீவா

ஐ.நா. மாளிகை. கொடிகளின் வரிசை, பாதுகாப்புச் சோதனை, பெரிய பெரிய தாழ்வாரங்கள். எல்லை தாண்டும் நீர்நிலைகளுக்கான 1992ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒப்பந்தத்தின் செயலகம் இங்கேதான். ஐரோப்பாவுக்கும் அதன் அக்கம்பக்கத்துக்கும் என்று தொடங்கியது, 2016இல் உலக நாடுகள் எல்லாவற்றுக்கும் கதவு திறந்தது. இரண்டு ஆண்டில் ஆப்பிரிக்க நாடுகளான சாட், செனகல் இரண்டும் உள்ளே வந்தன.

இதே போல நாடுகள் பகிரும் ஆறுகளுக்கான இன்னொரு ஒப்பந்தத்தை 1997இல் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. ஆதரவு 103, எதிர்ப்பு 3. எதிர்த்தவை துருக்கி, சீனா, புருண்டி. வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். யூப்ரடீசும் டைக்ரிசும் துருக்கியில் பிறக்கின்றன, மீகாங் சீனாவில், நைலின் தொலைதூர ஊற்றுகளில் ஒன்று புருண்டியில். மூன்றும் தலைமடைக்காரர்கள். அந்த ஒப்பந்தம் 35 நாடுகளின் ஏற்பைச் சேர்த்து நடைமுறைக்கு வர 2014 ஆகிவிட்டது.

நிலத்தடி நீர் கதை இன்னும் மோசம். 2008இல் சர்வதேசச் சட்ட ஆணையம் 19 பிரிவுகள் எழுதிக் கொடுத்தது. இன்றைக்கும் அது வரைவுதான். உலகில் எல்லை தாண்டும் நீர்ப்படுகைகள் நானூறுக்கு மேல் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கென்றே போட்ட ஒப்பந்தங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நேற்றுப் பார்த்த ஜெனீவா ஒன்று, தென்னமெரிக்காவின் குவாரனி ஒன்று, ஜோர்டானும் சவுதி அரேபியாவும் 2015இல் போட்டது ஒன்று... அப்புறம் யோசிக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஆற்றுக்கே இவ்வளவு இழுபறி என்றால் தெரியாததற்கு யார் அவசரப்படப் போகிறார்கள்.

மூன்றாம் நாள், பாசெல்

காலை ரயிலைத் தவற விட்டேன். தப்பு என் மேல்தான், நடைமேடை எண்ணை மாற்றிப் படித்துவிட்டேன். பாசெல் வந்து சேர மதியமாகிவிட்டது.

பெட்டியை வைத்துவிட்டு நேராக மூன்று நாட்டுப் பாலத்துக்கு. ஜெர்மனியின் வைல் அம் ரைனையும் பிரான்சின் யூனிங்கையும் இணைக்கும் 248 மீட்டர் நீளப் பாலம், 2007இல் கட்டியது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். ஒல்லியான வளைவு. நடுவில் நின்று ஆறு வரும் திசையைப் பார்த்தால் சுவிட்சர்லாந்து. மூன்று நாடுகளும் சந்திக்கும் புள்ளி கரையில் இல்லை, ஆற்றின் நடுவே தண்ணீருக்குள் இருக்கிறது. சுவிஸ் கரையில் அதற்கு நட்டிருக்கும் நினைவுத்தூண் ஒரு ஒப்புக்குத்தான்.

இங்கிருந்து ஆற்றில் மேலே போனால் ஷ்வைட்சர்ஹாலே. 1986 நவம்பர் 1 அதிகாலையில் சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு அங்கே தீப்பிடித்தது. உள்ளே 1,350 டன் அளவுக்குப் பூச்சிமருந்தும் மற்ற வேளாண் ரசாயனங்களும். ஊரெல்லாம் சைரன் ஊதி, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்றார்கள். தீயை அணைக்க அடித்த தண்ணீர்தான் வினையாகிப் போனது. ஆயிரக்கணக்கான கன மீட்டர் நீர் விஷத்தையும் ஒரு சாயத்தையும் அள்ளிக்கொண்டு வடிகால் வழியாக ஆற்றில் இறங்கியது. ரைன் சிவப்பாக ஓடியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன, சுமார் ஒன்றரை லட்சம். கீழேயுள்ள நாடுகளுக்கு முறையான எச்சரிக்கை தாமதமாகத்தான் போனது. கடைமடையில் நெதர்லாந்து வரை ஆற்றிலிருந்து குடிநீர் எடுப்பதை நிறுத்திவைத்தார்கள்.

ரைனைக் காக்கும் சர்வதேச ஆணையம் அப்போது இல்லாமல் இல்லை. 1950இலேயே, இதே பாசெலில், சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க், நெதர்லாந்து சேர்ந்து தொடங்கியது. 36 வருடமாகக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள், அளந்துகொண்டிருந்தார்கள். ஆறு சிவந்த பிறகு பன்னிரண்டே நாளில் அமைச்சர்கள் சூரிச்சில் கூடினார்கள். அடுத்த ஆண்டே ரைன் செயல்திட்டம் வந்தது. முக்கிய மாசுகளை 1995க்குள் பாதியாக்க வேண்டும், கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீன் 2000க்குள் திரும்பி வர வேண்டும். அந்தத் திட்டத்துக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் கிடையாது, அமைச்சர்கள் கொடுத்த வாக்கு மட்டும்தான். ஆனாலும் மாசைப் பாதியாக்கும் இலக்கைப் பெரும்பாலான பொருள்களில் எட்டினார்கள். எனக்கு அதில் ரொம்பப் பிடித்த அம்சம் தொட்டிகள். ரசாயன ஆலை என்றால் தீயணைத்த நீரைப் பிடித்துவைக்க ஒரு தொட்டி இருக்க வேண்டும் என்றார்கள். அவ்வளவு பெரிய அழிவிலிருந்து கிடைத்த பாடம் கடைசியில் ஒரு கான்கிரீட் தொட்டி.

சாயங்காலம் ஜெர்மன் கரையில் ஆறு போகும் திசையில் நடந்தேன். வைல் அம் ரைனில் 1993 முதல் ஒரு கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. இடம் ஜெர்மனியுடையது, நடத்துவது பாசெல்காரர்கள், செலவு இரு பக்கமும். ஆற்றின் குறுக்கே ஐந்து இடங்களில் குழாய் விட்டு நீரை இடைவிடாமல் எடுத்துச் சோதிக்கிறார்கள். ஏன் ஐந்து? முதல் நாள் ஜெனீவாவில் பார்த்ததே விடை. ஆற்றில் விழுந்தது உடனே கலந்துவிடாது, விழுந்த கரையோரமாகவே வெகுதூரம் போகும். ஒரு கரையில் மட்டும் முகர்ந்தால் எதிர்க்கரை விஷம் தெரியாது. ஏதாவது தட்டுப்பட்டால் கீழே உள்ள நிலையங்களுக்குத் தகவல் பறக்கும். விஷ அலை எந்த ஊரை எத்தனை மணிக்குத் தொடும் என்று கணக்கிட ஒரு கணினி மாதிரியும் வைத்திருக்கிறார்கள்.

நான்காம் நாள், மியூலூஸ், ஸ்ட்ராஸ்பூர்

மியூலூசுக்கு வடக்கே பொட்டாஷ் சுரங்கங்கள் இருந்தன. பூமிக்கடியிலிருந்து உப்புப்பாறையை எடுத்து, உரத்துக்கான பொட்டாஷைப் பிரித்துக்கொண்டு, மிச்ச உப்பை ரைனில் விட்டார்கள். ஆற்றில் விடாததைக் குன்றாகக் குவித்தார்கள். அதன் மேல் மழை பெய்து பெய்து உப்பு கரைந்து கீழே இறங்கியது. கீழே இருப்பது மேல் ரைன் படுகை, ஐரோப்பாவின் பெரிய நிலத்தடி நீர்ச்சேமிப்புகளில் ஒன்று. அதுவும் பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றுக்கும் பொது. பேருந்து ஜன்னலில் இருந்து பார்த்த குன்றுகளில் இப்போது புல் முளைத்திருக்கிறது. சொல்லாவிட்டால் ஏதோ மேடு என்று நினைத்துக் கடந்துவிடுவோம்.

இந்த உப்பால் அடி வாங்கியது 700 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நெதர்லாந்து. ரோட்டர்டாம் பக்கத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த நிறுவனம் ஒன்று, உப்புத் தண்ணீரால் பயிர் கெடுகிறது என்று பிரெஞ்சுச் சுரங்கத்தின் மேல் வழக்குப் போட்டது. எந்த ஊர் நீதிமன்றத்தில் போடுவது? அதுவே பெரிய கேள்வியாகி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. கெடுதல் நடந்த இடத்திலும் போடலாம், கெடுதலுக்குக் காரணமான செயல் நடந்த இடத்திலும் போடலாம், வாதியின் விருப்பம் என்று 1976இல் தீர்ப்பு. தலைமடையில் செய்ததற்குக் கடைமடை நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் பான் நகரில் உப்பு ஒப்பந்தம் போட்டார்கள். ஆற்றில் கலக்கும் உப்பில் விநாடிக்கு 60 கிலோ குளோரைடைக் குறைக்க வேண்டும். செலவில் நெதர்லாந்து 34 சதவீதம், ஜெர்மனியும் பிரான்சும் தலா 30, சுவிட்சர்லாந்து 6. திரும்ப ஒரு முறை படித்தேன். ஆமாம், உப்பைக் கொட்டியவரைவிட உப்பைக் குடித்தவருக்கே பங்கு அதிகம். நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் கடைமடைக்காரனுக்கு வேறு என்ன வழி? அதற்கும் தடை வந்தது. உப்பை ஆற்றில் விடாமல், சுரங்கம் இருந்த அல்சாஸ் பகுதியின் மண்ணுக்கடியில் செலுத்தலாம் என்றார்கள், எங்கள் நிலத்தடி நீர் என்னாவது என்று அல்சாஸ் மக்கள் மறித்துவிட்டார்கள். அவர்கள் பக்கமும் தப்பு சொல்ல முடியாது. ஆற்றைக் காப்பாற்ற நிலத்தைக் கெடுப்பதா? பிரான்ஸ் அந்த ஒப்பந்தத்தை ஏற்க 1985 ஆயிற்று. கணக்குத் தகராறு 2004இல் நடுவர் தீர்ப்பு வரை நீண்டது, அதற்குள் சுரங்கமே மூடியாகிவிட்டது. சட்டக் கட்டாயம் இருந்த ஒப்பந்தத்தின் கதி இது. நேற்று எழுதிய 1987 திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவேளை பயம்தான் வித்தியாசமோ.

இரவு ஸ்ட்ராஸ்பூர். ஜெர்மன் பேரரசருக்காகக் கட்டிய மாளிகை இப்போது ரைன் மாளிகை. ரைன் கப்பல் போக்குவரத்துக்கான மத்திய ஆணையம் 1920 முதல் இங்கே இருக்கிறது. வேர் 1815 வியன்னா மாநாட்டில். இன்றும் இயங்கும் சர்வதேச அமைப்புகளில் இதுதான் மூத்தது என்கிறார்கள். உள்ளே போக நேரமில்லை, வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள், காம்ப்ஸ்ஹைம்

இங்கே ரைன் அணையின் ஓரத்தில், மீன்கள் மேலே ஏறிப் போகப் படிக்கட்டு போலத் தொட்டித் தொட்டியாக ஒரு மீன்வழி, 2006இல் திறந்தது. பூமிக்குக் கீழே இறங்கினால் ஒரு கண்ணாடிச் சுவர், அந்தப் பக்கம் பச்சைத் தண்ணீர். அரை மணி நேரம் குமிழிகளை மட்டும் பார்த்தேன். பக்கத்தில் ஒரு சிறுமி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றாள். திடீரென்று ஒரு விலாங்கு, கை நீளம் இருக்கும், கண்ணாடியை உரசிக்கொண்டு ஒரு நெளிவு நெளிந்து போயே விட்டது. அவள் கத்திய கத்தலில் நானும் கத்திவிட்டேன்.

சால்மன் வரவில்லை. ஆனால் இந்த வழியாக அது ஏறிப் போகிறது என்பது பதிவாகியிருக்கிறது. பிரச்சினை மேலே. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கையின் 358ஆம் பிரிவு எல்லைப் பகுதி ரைனின் நீரையும் மின்சாரத்தையும் எடுக்கும் உரிமையைப் பிரான்சுக்குக் கொடுத்தது. அதிலிருந்து வரிசையாக அணைகள். 2020க்குள் பாசெல் வரை சால்மனைக் கொண்டு சேர்ப்போம் என்று 2013இல் சொன்னார்கள். 2020 வந்தது, மீன் போய்ச் சேரவில்லை. ஒரு மீன்வழிக்குச் செலவும் பொறியியலும் பெரிது, மின் உற்பத்தியும் கொஞ்சம் குறையும். மீனுக்கோ வரிசையில் ஒரு அணை மறித்தாலும் கதை முடிந்தது.

ஆறாம் நாள், காவ்ப், கோப்லென்ஸ்

ரயில் ஆற்றை ஒட்டியே போகிறது. காவ்ப் வந்ததும் இறங்கிக்கொண்டேன். ஆற்றின் நடுப்பாறையில் கப்பல் மாதிரி ஒரு வெள்ளைக் கோட்டை. சுங்கம் வசூலிக்கக் கட்டியது. அந்தக் காலத்தில் சரக்குப் படகுக்குச் சில மைலுக்கு ஒரு சுங்கச்சாவடி. நேற்று முன்தினம் பார்த்த ஆணையத்தின் வேலையே இதை ஒழித்ததுதான். 1868 மான்ஹைம் சட்டப்படி, ஆற்றில் போகிறாய் என்பதற்காக மட்டும் யாரும் வரி கேட்க முடியாது.

கரையில் நீர்மட்டம் அளக்கும் நிலையம். 2018 அக்டோபரில் இங்கே 25 சென்டிமீட்டர் என்று காட்டியது. அதற்காக முழங்காலளவுத் தண்ணீர் என்று நினைக்க வேண்டாம், அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் தரையில் இல்லை. ஆனால் காவ்ப் எண் இறங்கினால் கீழே உள்ள ஆலைகளுக்கெல்லாம் வியர்க்கும். படகில் முழுச்சரக்கு ஏற்ற முடியாது. ஆற்றைப் பங்கு போட ஒப்பந்தம் உண்டு, ஆற்றில் நீரே இல்லாவிட்டால் பங்கு போட என்ன இருக்கிறது என்று தோன்றியது.

கோப்லென்சில் மோசெல் வந்து சேரும் முனையில் மறுபடி இரண்டு நிறம் பார்த்தேன். ரைனைக் காக்கும் ஆணையத்தின் செயலகம் இந்த ஊரில்தான். எழுத்தில் கிடைக்காத ஒரு வழக்கம் அங்கே உண்டு. ஐந்து நாடு சேர்ந்து நடத்தும் செயலகத்துக்குத் தலைமை எப்போதும் ஒரு டச்சுக்காரர். மேலே யார் என்ன செய்தாலும் கடைசியில் வந்து விழுவது அவர்கள் தலையில், ஆகவே அக்கறையும் அவர்களுக்கே அதிகம் இருக்கும் என்பது கணக்கு.

சும்மா ஒரு துணுக்கு. ரைனின் நீளம் 1,320 கிலோமீட்டர் என்று பல பத்தாண்டுகள் அச்சடித்தார்கள். உண்மையில் சுமார் 1,230. எப்போதோ யாரோ இரண்டு எண்ணை இடம் மாற்றி எழுதிவிட, எல்லோரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 2010இல்தான் வெளியே வந்தது. நடைமேடை எண்ணை மாற்றிப் படித்த எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஏழாம் நாள், லோபித்

நெதர்லாந்து எல்லை. இங்கே நுழைந்த கொஞ்ச தூரத்தில் ரைன் பிரிகிறது, மூன்றில் இரண்டு பங்கு நீர் வால் என்ற பெயரில் போய்விடுகிறது. 1995 தொடக்கத்து வெள்ளத்தில் இந்தப் பகுதியில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அதுவரை தரம் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஆணையம் 1998இல் வெள்ளத் திட்டமும் போட்டது. நாள் முழுக்க மழை, அறையிலேயே இருந்தேன்.

எட்டாம் நாள், ஹாரிங்ஃப்ளீட்

ரோட்டர்டாமில் இருந்து பேருந்து. ஆறு கடலைத் தொடும் வாயில் 17 மதகுகள் கொண்ட அணை, 1970இல் மூடியது. கடல் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியதுதான், ஆனால் சால்மனுக்கும் ரைனின் பெரிய வாசல் அடைபட்டுப் போனது. மேலே உள்ள நாடுகள் கோடிகளைக் கொட்டி மீன்வழி கட்டிக்கொண்டிருந்தபோது வாசற்கதவே சாத்தியிருந்தது. அரை நூற்றாண்டு உப்புக்கும் விஷத்துக்கும் மற்றவர்களைக் கேள்வி கேட்ட நாட்டை, மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். கடலிலிருந்து வரும் மீனுக்கு இதுதானே தலைமடை.

உள்ளூரில் எளிதாக ஒப்பவில்லை. கதவைத் திறந்தால் உப்பு உள்ளே வரும், விவசாயத்துக்கும் குடிநீருக்கும் எடுக்கும் இடங்களைக் கிழக்கே தள்ளி மாற்ற வேண்டும். முடிவெடுத்து, கைவிட்டு, பக்கத்து நாடுகளின் கோபத்தைச் சம்பாதித்து, மறுபடி முடிவெடுத்து, 2018இல் ஒருவழியாகத் தொடங்கினார்கள். கடல் ஏறும் நேரத்திலும் சில மதகுகளை லேசாகத் திறந்து வைப்பது. டச்சு மொழியில் அதற்கு அவர்கள் வைத்த பெயருக்குக் கதவை ஒருக்களித்து வைப்பது என்று பொருள். ரைனில் நீர் குறைந்து உப்பைத் தள்ள முடியாமல் போனால் மூடிவிடுவார்கள்.

அணை மேல் காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் கடல், அலையும் நுரையும். மறுபக்கம் எட்டு நாளாக என்னோடு வந்த நீர். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மதகாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஏழாவதோ எட்டாவதோ, கதவுக்கு அடியில் வெள்ளையாக ஒரு சுழிப்பு தெரிந்தது. நீர் கடலுக்குப் போகிறதா, கடல் உள்ளே வருகிறதா என்று அவ்வளவு உயரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. திரும்பும் பேருந்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.